ரேஸ் வாட்ச் கட்டிய கை

என் அக்காவின் கணவர், கல்யாணத்தன்று போட்ட மோதிரத்தை, போட்டோ எடுத்து முடிக்கும்வரைதான் விரலில் வைத்திருந்தார். பதிவு அலுவலகத்தின் படியில் இறங்கும்போதே கழற்றி அக்காவின் உள்ளங்கையில் வைத்துவிட்டார்.

"இத நீயே வச்சுக்க. என் வேலைக்கு ஆகாது."

கல்யாணச் சூடு ஆறுவதற்குள் மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்த மாப்பிள்ளையை எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. அம்மாவுக்கு முகம் செத்துப்போயிற்று. அக்கா மட்டும் சிரித்தாள். அவளுக்குக் கதை முன்பே தெரியும்.

அத்தான் பழைய இரும்புக் கடையில் வேலை பார்த்த காலத்தில் கூட இருந்தவன் ஒருவன் மோதிரக் கையோடு வின்ச்சைத் தொட்டிருக்கிறான். வின்ச் என்பது பெரிய விஷயமில்லை. ஓர் உருளை, அதில் சுற்றிக்கொள்ளும் இரும்புக் கயிறு, ஓட்டவும் நிறுத்தவும் ஒரு லிவர், அவ்வளவுதான். கயிற்றிலிருந்து அறுந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு கம்பி இழை மோதிரத்துக்குள் நுழைந்தது. லிவரைப் பிடிப்பதற்குள் விரல் போய்விட்டது. தேடி எடுத்தவர் அத்தான். "அப்பவும் அந்த விரலு மோதிரத்த விடல மச்சான்" என்று சொல்லிச் சிரிப்பார். அவர் சிரித்துக்கொண்டு சொல்கிற கதைகளைத்தான் என்னால் சிரித்துக்கொண்டு கேட்க முடியாது.

அக்கா அந்த மோதிரத்தைத் தன் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். "என் புருஷன் என் கழுத்துல தொங்குறாரு" என்று எல்லாரிடமும் சொல்லுவாள்.

அத்தானின் தொழில், சாலையில் நொறுங்கிக் கிடக்கிற வண்டிகளை இழுத்து வருவது. ரெக்கவரி வண்டி ஓட்டுநர். தொழிலில் இருப்பவர்கள் அவரைக் கொக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தத் தொழிலுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. எங்கும் எழுதி வைக்காத சட்டம். அடிபட்ட வண்டிக்கு யார் முதலில் கொக்கி மாட்டுகிறாரோ, வண்டி அவருடையது. அவர் எந்தப் பட்டறைக்கு இழுத்துப் போகிறாரோ அங்கேதான் அது பழுது பார்க்கப்படும். ஒருவன் மாட்டிய கொக்கியை இன்னொருவன் கழற்றினால் கழற்றியவன் கையை உடைக்கலாம், யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள்.

உடைத்தும் இருக்கிறார்கள். புறவழிச்சாலையில் ஒரு விபத்து என்றால் நான்கு பட்டறைகளிலிருந்து வண்டிகள் கிளம்பும். கண்ணாடித் தூளின் மேலேயே ஆட்கள் கட்டிப் புரளுவார்கள். அடிபட்ட காருக்குள்ளிருந்து ஒருவர் தலையை வெளியே நீட்டி, "தம்பிகளா, என்னை முதல்ல வெளிய எடுங்கப்பா" என்று கெஞ்சிய கதையும் உண்டு. அத்தானின் முன்பல் ஒன்று அந்தச் சாலையில்தான் எங்கோ கிடக்கிறது. பதிலுக்கு அவரும் ஒருவன் தாடையைக் கொக்கியின் பின்பக்கத்தால் பெயர்த்திருக்கிறார். வெளியே கைநீட்டத் தயங்காத மனிதர், வீட்டுக்குள் கதவைக்கூட ஓசை வராமல் சாத்துவார். சட்டையில் ரத்தம் இருந்தால் பின்வாசல் வழியாக வந்து, தானே ஊறவைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார். "என்னோடதில்ல" என்பார், அக்கா கேட்பதற்கு முன்பே.

அக்கா பயந்தது முகத்துக்காகவோ பல்லுக்காகவோ அல்ல. "அடிச்சா வீங்கும், வடியும். கை போனா வருமா?" என்பாள். வேலைக்குக் கிளம்பும்போது அவர் கைகளைத்தான் பார்ப்பாள். அவரும் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிவிட்டுப் போவார், பள்ளிக்கூடத்தில் நகம் பார்க்கிற மாதிரி. ஒன்றுமில்லாத கை. கயிறுகூடக் கட்டாத கை. அதுதான் அவர்களுக்குள் இருந்த ஒப்பந்தம்.

அதைக் கெடுத்தது பட்டறை முதலாளி.

முதலாளி வாலிபத்தில் கார்ப் பந்தயம் ஓட்டியவர். ஜெயித்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனாலும் அவர் அறைச் சுவர் முழுக்கத் தலைக்கவசம் போட்ட படங்கள்தான். ஒருநாள் எல்லா ஓட்டுநர்களையும் அறைக்குக் கூப்பிட்டு, மேசைமேல் ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு கைக்கடிகாரம். பந்தயக் காரின் டேஷ்போர்டைச் சுருக்கி மணிக்கட்டுக்குக் கொண்டுவந்தது போலிருந்தது. கறுப்பு முகத்தில் மூன்று சிறு வட்டங்கள், சிவப்பு நிறத்தில் ஒரு நீள முள், விளிம்பைச் சுற்றி வேகக் கணக்குக்கான எண்கள். பக்கவாட்டில் இரண்டு பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் சிவப்பு முள் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும். இன்னொன்று அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடும். இரும்புச் சங்கிலிப் பட்டை.

"பந்தயம் ஓட்டுறவனுக்காகச் செஞ்சது" என்றார் முதலாளி. "இந்தப் பூட்டப் பாருங்க. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல அமுக்குனாத்தான் தொறக்கும். எந்த வேகத்துலயும் கழண்டு விழாது."

இனி மாதாமாதம் யார் அதிக வண்டிக்கு முதல் கொக்கி மாட்டுகிறாரோ அவர் கையில் இந்த வாட்ச் இருக்கும். வாட்ச் கட்டியவருக்குத்தான் புறவழிச்சாலை. மற்றவர்கள் ஊருக்குள் பஞ்சரான வண்டியைத் தள்ளிக்கொண்டிருக்கலாம், கணக்கில் அதுவும் சேரும். போன் வந்ததும் பொத்தானை அமுக்கு, கொக்கி மாட்டியதும் அமுக்கு, வந்து எனக்கு முள்ளைக் காட்டு. இதுதான் முதலாளி வைத்த முறை.

வின்ச் பக்கம் போகிறவன் கையில் எதுவும் இருக்கக்கூடாது என்பது அந்த அறையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். ஆனாலும் எல்லாரும் வாட்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் அதைக் கட்டியவன் ஜாக்கி. ஆள் குள்ளம், எவ்வளவு பாரமானாலும் தூக்கிவிடுவான், அதனால் அந்தப் பெயர். அத்தானும் அவனும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். வாட்ச் வந்தபிறகு ஜாக்கி பேசும் விதமே மாறிவிட்டதாம். மணி கேட்காதவனுக்கும் மணி சொன்னான். "என்ன கொக்கி, இன்னிக்கு எத்தன பஞ்சரு?" என்று தேநீர்க் கடையில் எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறான். அத்தான் கண்ணாடிக் குவளையை அவன் நெற்றியிலேயே உடைத்தார்.

அடுத்த மாதம் வாட்ச் அத்தானின் இடது கைக்கு வந்தது.

அன்று அவர் முன்வாசல் வழியாக வந்தார். அக்கா சமையலறையில் இருந்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டே திரும்பிப் பார்த்தவள், குழாயை மூடினாள்.

"என்ன அது?"

"முதலாளி குடுத்தாரு. நான்தான் இந்த மாசம் முதல்."

"வேலையில கட்டுவீங்களா?"

"கட்டத்தான குடுத்திருக்காரு."

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கழுத்துச் சங்கிலியைக் கழற்றினாள். மோதிரத்தை உருவி மேசைமேல் வைத்தாள். "அப்ப இதையும் போடுங்க."

"அது வேற, இது வேற."

"உங்க வின்ச்சுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?"

அத்தான் வாட்ச் கட்டிய கையால் மேசையில் ஓங்கி அறைந்தார். மோதிரம் துள்ளி அடுப்புக்கு அடியில் போய்விட்டது. அந்த வீட்டில் அவர் கை ஓங்கியது அதுதான் முதல் தடவை. அடுப்பை நகர்த்தி மோதிரத்தை எடுத்தது அக்காதான். இதைத் தொலைபேசியில் என்னிடம் சொல்லும்போது அவள் அழவில்லை. "கைய காட்டிட்டுப் போறத நிறுத்திட்டாருடா" என்று மட்டும் சொன்னாள். வெளியூரில் வேலை பார்க்கிறவனுக்கு இப்படி ஒரு வாக்கியம் போதும். அதற்குப்பின் அக்காவின் எண் திரையில் வந்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன்.

அந்த மாதம் அத்தான் ஓட்டியது ரெக்கவரி வண்டியே அல்ல, பந்தயக் கார் என்கிறார்கள். போன் வந்தால் பொத்தானை அமுக்கிவிட்டுத்தான் 'ஹலோ' சொல்வாராம். எதிர்ப் பட்டறை வண்டி ஒன்றைச் சாலை ஓரச் சுவரோடு சேர்த்துத் தேய்த்துவிட்டுப் போனார். முன்னால் போய்ச் சேர்ந்த ஒருவனைக் காலரைப் பிடித்து இழுத்து, அவன் வண்டிக் கதவிலேயே தலையை மோதினார். பிறகு முதலாளியின் அறைக்குப் போய் முள்ளைக் காட்டுவார். முதலாளி அவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "ஓட்டக்காரன்டா நீ" என்று முதுகில் தட்டுவார்.

மாதக் கடைசி. மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலை. புறவழிச்சாலையில் ஒரு சரக்கு வேன் சறுக்கிப் பள்ளத்தில் கவிழ்ந்தது. ஓட்டுநரை ஆம்புலன்ஸ் ஏற்கெனவே கொண்டுபோய்விட்டது. வேன் மட்டும் சக்கரத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டு கிடந்தது. அந்த மாதக் கணக்கில் அத்தானும் ஜாக்கியும் சமமாக இருந்தார்கள். இந்த வேனுக்கு யார் கொக்கி மாட்டுகிறாரோ வாட்ச் அவருக்கு. புறவழிச்சாலை தனக்கில்லை என்பது தெரிந்தும் ஜாக்கி வந்தான்.

நடந்ததை அத்தானும் சொல்லியிருக்கிறார், ஜாக்கியும் சொல்லியிருக்கிறான். இருவர் சொன்னதும் ஒன்றுதான், யார் முதலில் அடித்தது என்பதைத் தவிர. இருவரும் "நான்தான்" என்கிறார்கள்.

வேனின் முன்பக்கத்தில் அத்தானின் கொக்கி, பின்பக்கத்தில் ஜாக்கியின் கொக்கி. ஏறக்குறைய ஒரே நேரத்தில் மாட்டிவிட்டார்கள்.

"கழட்டுடா."

"நீ கழட்டு. உன் முள்ளக் காட்டு பாப்போம், யாரு முதல்லன்னு."

அத்தான் கொக்கி மாட்டியதும் பொத்தானை அமுக்க மறந்திருந்தார். சிவப்பு முள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஜாக்கி அதைப் பார்த்துச் சிரித்தான். அதற்குமேல் பேச்சில்லை. பள்ளத்துச் சேற்றில் இருவரும் விழுந்தார்கள். ஜாக்கி அத்தானின் காதைக் கடித்தான்; மடலின் நுனி இன்றைக்கும் இல்லை. அத்தான் அவன் புருவத்தை முழங்கையால் பிளந்தார். விழுந்தவனின் விலாவில் உதைத்துக்கொண்டே இருந்தார், ஜாக்கி எழுந்திருக்க மாட்டான் என்று தெரியும்வரை. பிறகு மேலேறிப்போய் லிவரைத் தள்ளினார்.

வேன் நகர்ந்தது. ஆனால் ஜாக்கியின் கயிறும் அதைப் பிடித்திருந்ததால் நேராக வரவில்லை, கோணலாகத் திரும்பியது. இரும்புக் கயிறு உருளையின் ஒரே ஓரத்தில் குவிந்து ஏறியது. அப்படி ஏறினால் கயிறு நழுவி அறுந்துபோகும். லிவரை நிறுத்திவிட்டு, கடப்பாரையால் கயிற்றைத் தள்ளிச் சீராக்கவேண்டும். அத்தானுக்கு அது தெரியாததல்ல. நிறுத்தினால் ஜாக்கி எழுந்து வந்துவிடுவான் என்று நினைத்தார். ஓடுகிற கயிற்றை இடது கையால் தள்ளினார்.

அறுந்த இழை ஒன்று பட்டைக்குள் நுழைந்தது. எந்த வேகத்திலும் கழலாத பூட்டு, கழலவில்லை.

அந்தச் சத்தத்தை ஜாக்கி சொல்லமாட்டான். கேட்டால் காதைப் பொத்திக்கொள்வான். ரத்தம் ஒரு கண்ணை மறைக்க, விலா உடைந்து, நான்கு காலில் மேட்டில் ஏறிவந்து லிவரை இழுத்து நிறுத்தியவன் அவன்தான். கை உருளைக்கும் கயிற்றுக்கும் நடுவில் இருந்தது. வெளியே எடுக்க ஒரே வழி, உருளையைப் பின்னோக்கிச் சுற்றுவது.

"பின்னாடி சுத்தணும், கொக்கி."

"சுத்து."

"கத்தாத."

"சுத்துடா நாயே."

சுற்றினான். பெல்ட்டைக் கழற்றி முழங்கைக்குக் கீழே இறுக்கிக் கட்டினான். அத்தானைத் தன் வண்டியிலேயே தூக்கிப்போட்டுக்கொண்டு போனான். வேன் இரண்டு கொக்கிகளோடும் அங்கேயே கிடந்தது.

மணிக்கட்டுக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டார்கள். அக்கா போய்ச் சேர்ந்தபோது நர்ஸ் அவளிடம் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தாள். பணப்பை, சாவி, வாட்ச். கண்ணாடியில் ஒரு கீறல். பட்டையின் கண்ணிகளுக்கு நடுவே உறைந்த ரத்தம். சிவப்பு முள் ஓடிக்கொண்டிருந்தது. கை போனது அதற்குத் தெரியவில்லை. அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தாளாம்.

முதலாளி வந்தார். நலம் விசாரித்தார். செலவைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பிறகு அக்காவின் மடியைப் பார்த்தார்.

"அத நான் எடுத்துக்கறேம்மா. சுத்தம் பண்ணக் குடுக்கணும்."

அக்கா கொடுத்துவிட்டாள். முதலாளி அதை வாங்கியதும் முதல் பொத்தானை அமுக்கி முள்ளை நிறுத்தினார். அடுத்த பொத்தானை அமுக்கினார். முள் ஒரே துள்ளலில் ஆரம்ப இடத்துக்கு வந்து நின்றது. "அவ்வளவுதான்டா, முடிஞ்சுது" என்று அக்கா என்னிடம் போனில் சொன்னது அந்த முள்ளைப் பற்றித்தான், அத்தானைப் பற்றியல்ல என்று நான் புரிந்துகொள்ளக் கொஞ்சம் நேரமாயிற்று.

நான் விடுப்பில் போனபோது அத்தானின் புண் ஏறக்குறைய ஆறியிருந்தது. இளைத்திருந்தார். அரைக்கையைத் தலையணைமேல் வைத்து உட்கார்ந்திருந்தார். ஜாக்கி பார்க்க வந்தான், கையில் ஆரஞ்சுப் பழங்களோடு. பையை நீட்டும்போது சட்டையின் முழுக்கை மேலேறியது. அவன் சட்டென்று இழுத்துவிட்டுக்கொண்டான். அத்தான் பார்த்துவிட்டார்.

"கட்டிட்டியா?"

ஜாக்கி தலையைக் குனிந்துகொண்டான். "கட்டலன்னா ஊருக்குள்ள பஞ்சருதான். உனக்குத் தெரியாதா?"

அத்தான் அவனைத் திட்டவில்லை. என்னைப் பார்த்தார். "மச்சான், உனக்கு வண்டி ஓட்டத் தெரியும்ல?"

அக்கா சட்டையைப் போட்டுவிட்டாள். எங்கே என்று கேட்கவில்லை. பொத்தானை மாட்டும்போது, "ஒரு கைதான் இருக்கு" என்றாள். "தெரியும்" என்றார் அவர்.

பட்டறையின் முற்றத்தில் கார்கள் நசுங்கியும் பிளந்தும் கிடந்தன. ஈரத் தரையில் எண்ணெய் மிதந்தது. அத்தானின் பழைய வண்டி ஓரத்தில் நின்றது, உருளையைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஜாக்கியோடு வந்த எங்களைப் பார்த்ததும் முதலாளி அறையிலிருந்து இறங்கிவந்தார். ஓட்டுநர்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள்.

"வாப்பா. உனக்கு போன் எடுக்கற வேலை போட்டுத் தரலாம்னு இருக்கேன்."

அத்தான் அவர் பக்கம் திரும்பவில்லை. ஜாக்கியிடம் கையை நீட்டினார். "குடு. என்னால தொறக்க முடியாது, அதுக்கு ரெண்டு பக்கம் அமுக்கணும்."

ஜாக்கி முதலாளியைப் பார்த்தான், அத்தானின் அரைக்கையைப் பார்த்தான். பூட்டின் இரண்டு பக்கமும் அமுக்கிக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தான்.

அத்தான் வாட்சின் பட்டையைத் தன் பழைய வண்டியின் இரும்புக் கயிற்றில் மாட்டினார். பூட்டைப் பூட்டச் சொன்னார், ஜாக்கியே பூட்டினான். பிறகு அத்தான் லிவரைத் தள்ளினார்.

"டேய், அது என்ன வாட்ச்னு தெரியுமாடா உனக்கு?" என்றார் முதலாளி.

"தெரியும். எந்த வேகத்துலயும் கழண்டு விழாது."

கயிறு மெதுவாகத்தான் ஏறியது. வாட்ச் அதோடு சேர்ந்து உருளையை நோக்கிப் போனது. யாரும் எதிர்பார்க்காதது என்னவென்றால், முதலாளி ஓடினார். லிவரை நோக்கி அல்ல. வாட்சை நோக்கி. உருளையின் வாய்க்கு அருகே போய்விட்ட அதைப் பறிக்க வலது கையை நீட்டினார். அவர் விரலில் கல் வைத்த மோதிரம் இரண்டு.

அத்தான் அரைக்கையை ஓங்கினார். மிச்சமிருந்த எலும்பின் முனையால் முதலாளியின் முகத்தில் அடித்தார். மூக்கு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. முதலாளி மல்லாக்க விழுந்தார். அத்தானின் புண் வாய் பிளந்து சட்டைக்கை நனைந்தது. அவரும் முழங்காலிட்டு அரைக்கையை வயிற்றில் புதைத்துக்கொண்டு ஊளையிட்டார். கழுத்து நரம்பு புடைத்து, மனிதக் குரலே இல்லை அது. அவர்களுக்குப் பின்னால் வாட்ச் உருளைக்குள் போனது. கண்ணாடி நொறுங்கி, முட்களும் சிறு சக்கரங்களும் எண்ணெய்த் தரையில் சிதறின. கயிறு அதன்மேல் இன்னொரு சுற்றுச் சுற்றியது. ஜாக்கி லிவரை நிறுத்தினான்.

முதலாளி எழுந்து உட்கார்ந்தார். தாடை வழியாக ரத்தம் சொட்டியது. தன் வலது கையை மடியில் வைத்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். ஐந்து விரலும் இருந்தன. போலீசுக்குச் சொல்லப்போவதாக ஒருவரிடம் சொன்னார். சொன்னாரா என்று தெரியாது, யாரும் வரவில்லை. அந்தப் பட்டறையில் அதற்குப்பின் யாருக்கும் எதுவும் பரிசாகக் கொடுக்கவில்லை என்று ஜாக்கி சொன்னான்.

வீட்டுக்குத் திரும்பும்போது புண்ணில் துணியைச் சுற்றி அழுத்திக்கொண்டே அத்தான் கேட்டார், "மச்சான், உங்க அக்கா திட்டுவாளோ?"

திட்டினாள். மறு தையல் போட்டு வந்த பிறகும் திட்டினாள். திட்டிக்கொண்டே கழுத்துச் சங்கிலியைக் கழற்றி, மோதிரத்தை எடுத்து, அவருடைய வலது கையைப் பிடித்தாள்.

"இனிமே வின்ச் இல்லல்ல? அப்ப போடுங்க."

"இருக்கறதே ஒண்ணு. அதுலயும் கொக்கி மாட்டுறியா?"

"முதல்ல மாட்டுனது நான்தான்."

இப்போது அவர் ஒரு கிடங்கில் வாசல் காவல் பார்க்கிறார். மோதிரம் விரலில்தான் இருக்கிறது. ஆனால் கொடிக்கயிறு தொய்ந்துவிட்டது, இழுத்துக் கட்டுங்கள் என்று அக்கா சொன்னால், அந்தத் துணிக்கயிற்றைத் தொடும் முன் விரலை வாய்க்குக் கொண்டுபோய் மோதிரத்தைப் பல்லால் கழற்றிக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொள்கிறார். கட்டி முடிக்கும்வரை பேசமாட்டார். அக்கா வேண்டுமென்றே அப்போதுதான் ஏதாவது கேள்வி கேட்பாள்.